இந்தக் கதவு யாருக்கு?

கம்பெனி பஸ்ஸில் ஆளில்லாத சீட்டின் ஜன்னல் திறந்திருந்தால் அக்காவுக்குப் பொறுக்காது. எழுந்து போய் மூடிவிட்டு வந்துதான் உட்காருவார். மழையா, தூசியா, ஒன்றும் கிடையாது. கேண்டீனில் சாம்பார் வாளி திறந்து கிடந்தால் மூடுவார். குடிதண்ணீர்க் குழாய் பக்கம் யாரோ வைத்துவிட்டுப் போன பாட்டிலுக்கு மூடியைத் தேடிப் பிடித்துத் திருகுவார். மூடுவதற்கு முன்னால் மட்டும் ஒரு தரம் சுற்றுமுற்றும் பார்த்து, “இது யாருக்கு?” என்று சத்தமாகக் கேட்பார். யாராவது “எனக்குத்தான்” என்றால் போதும், தொடமாட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் மூடிவிடுவார். நாங்கள் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சிரிப்போம். அவர் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

ஒரகடத்தில் காருக்கு ரப்பர் குழாய் செய்கிற கம்பெனி அது. அக்காதான் சிஸ்டம் டிபார்ட்மெண்ட். டிபார்ட்மெண்ட் என்றால் அவர் ஒருவர்தான். சர்வர், கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாம் அவர் தலையில். வடக்குப்பட்டுக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆபீஸில் மேடம் என்பார்கள், நாங்கள் சிஸ்டம் அக்கா என்போம். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். இருங்காட்டுக்கோட்டையில் நாலு பேராக ஒரு ரூமில் இருந்தோம். டெஸ்பாட்சில் எனக்கு வேலை: கார் கம்பெனிக்குப் போகிற ஒவ்வொரு டப்பாவுக்கும் லேபிள் அடித்து ஒட்ட வேண்டும். லேபிள் இல்லாமல் போன டப்பாவை அங்கே கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள். இத்தனை வேலை பார்த்தும் நான் காண்ட்ராக்ட்தான்.

முதல்முதலில் அக்கா என்னிடம் வந்தது ஒரு நீள நோட்டோடு. லேபிள் பிரிண்டரைக் காட்டி, “இது யாருக்கு?” என்றார்.

“டெஸ்பாட்சுக்கு மேடம்.”

“டிபார்ட்மெண்ட் பேரு வாணாம்மா. டிபார்ட்மெண்டுக்கு போன் பண்ணா அது எடுக்குமா? ஆள் பேரு சொல்லு.”

காண்ட்ராக்டில் இருக்கிறவர்களிடம் நோட்டோடு வந்து பேர் கேட்கிறார்கள் என்றால் மறுநாள் அந்தப் பேர் இருக்காது. நாங்கள் கண்டது அதுதான். வாயில் வந்தது என் ரூமில் இருந்த செல்வியின் பேர். செல்வி அப்போது ஊருக்குப் போயிருந்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு கணக்கு. அக்கா என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அட்டையில் இருந்த பேரை எழுதிக்கொண்டு போய்விட்டார். இதற்காக அவரை நான் விரும்ப ஆரம்பித்தேனா, பயப்பட ஆரம்பித்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

ஒரு கிருத்திகைக்கு வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அம்மா காப்பி கொடுத்தார். சின்ன வீடு. பின்பக்கக் கதவில் குறுக்கே கட்டை வைத்து ஆணி அடித்திருந்தது.

“ஏங்க்கா இப்படி அடிச்சு வச்சிருக்கீங்க?”

“அந்தாண்ட இன்னா கீது? கம்பெனி செவுரு. செவுத்துலருந்து யாரு வரப் போறாங்க?”

அம்மா உள்ளே இருந்தபடியே, “காத்து வரும்டி, காத்து!” என்றார். “காத்துக்குத்தான் ஜன்னல் கீதே” என்றார் அக்கா. அதோடு பேச்சு முடிந்தது. காப்பி நன்றாக இருந்தது.

நோட்டு எதற்கு என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் ஒரு கம்பெனியில் வைரஸ் புகுந்து ரெண்டு நாள் லைன் நின்றது. உடனே எங்களிடம் குழாய் வாங்குகிற கார் கம்பெனி, எல்லா சப்ளையரின் சர்வரையும் ஆடிட் பண்ண ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டது. சர்வருக்கு நம்பர் போட்ட கதவுகள் ஆயிரக்கணக்கில் உண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கதவு. பிரிண்டர் ஒன்றில் வந்து பேசும், கேமரா ஒன்றில் பேசும். எங்கள் சர்வரில் யாருக்கென்றே தெரியாமல் பாதிக் கதவு திறந்து கிடந்தது. இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். சொந்த வீட்டில் திருடன் புகுந்தால்கூட அவ்வளவு சங்கடப்பட மாட்டார்.

அதை மூடுவதற்கு ஒரு கருவி அந்த சர்வருக்குள்ளேயே இருந்தது. தனியாக வாங்க வேண்டாம், ஏற்ற வேண்டாம். திறந்தால் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்கும். இந்த மெஷின் பிரிண்ட் எடுத்துக் கொடுக்குமா? ஃபைல் பகிருமா? இதோடு யார் யார் பேசுகிறார்கள்? சர்வரில் அப்போது எதெது விழித்திருக்கிறதோ அதையெல்லாம் அதுவே பார்த்து ஒரு பட்டியல் போட்டுக் காட்டும். வேண்டியதை டிக் பண்ணினால் மற்றதை நிறுத்திவிடும். அக்காவுக்கு அந்தக் கருவி மேல் தனிப் பிரியம். “என்ன மாதிரியே கேக்குது பாரேன்” என்றார் ஒரு தரம், வெட்கத்தோடு.

ஆனால் அதை ஓட்ட வேண்டும் என்றால் லைன் நிற்க வேண்டும். மூன்று ஷிப்டும் ஓடுகிற கம்பெனியில் லைன் என்றைக்கு நிற்கும்? ஆயுத பூஜைக்கு நிற்கும்.

அன்றைக்குக் காலையிலேயே லைனில் இருக்கிற எல்லா மெஷினையும் துடைத்து, கரெண்டை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். கேட்டில் பூசணிக்காய். செக்யூரிட்டிக்காரர்கள் தங்கள் பங்குக்கு டார்ச் லைட்டிலிருந்து விசில் வரை பொட்டு வைத்திருந்தார்கள். பொரி வாங்கிக்கொண்டு காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். என்னை மட்டும் அக்கா நிறுத்திக்கொண்டார். மூடி முடித்த பிறகு லேபிள் வருகிறதா என்று பார்க்க வேண்டும், பிரிண்டர் என் பேரில் அல்லவா இருக்கிறது. சர்வருக்கும் ஒரு பொட்டு வைத்தோம். பூ வைக்க மட்டும் அக்கா விடவில்லை, ஃபேனுக்குள் போய்விடுமாம்.

பட்டியலை வாசித்துக்கொண்டே போனார். நோட்டைப் பார்த்தார், டிக் பண்ணினார். நோட்டில் ஆள் பேர் இல்லாத ஒவ்வொன்றையும் டிக் பண்ணாமல் விட்டார். கடைசியில் அந்தக் கருவி ஒரு கேள்வி கேட்டது: இந்தப் பட்டியலில் இல்லாதது ஏதாவது இருந்தால் என்ன செய்ய? அப்படியே விடட்டுமா, மூடிவிடட்டுமா?

அக்கா உடனே அமுக்கிவிடவில்லை. என் பக்கம் திரும்பினார். “நீ டெய்லி வர்ற, போற. வேற எதுனா கீதா? நல்லா யோசிச்சி சொல்லு.”

யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். “இல்லக்கா, அவ்ளோதான்” என்றேன்.

மூடு என்பதை அமுக்கினார். லேபிள் அடித்துப் பார்த்தேன், வந்தது. ரெண்டு பேரும் பொரி தின்றோம். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பின்கேட்டில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு பஞ்ச் மெஷின் உண்டு. முன்கேட், கம்பெனி ரோலில் நிரந்தரமாக இருக்கிறவர்களுக்கு. பின்கேட்டில் நுழையும்போதும் போகும்போதும் நாங்கள் விரல் வைப்போம். பச்சை விளக்கு எரியும், உள்ளே ஒரு பெண் குரல் ‘தேங்க் யூ’ என்று சொல்லும். அன்றைக்கு செக்யூரிட்டி அதையும் நிறுத்தி, விரல் வைக்கிற கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். தூங்குகிற மெஷின் கருவியின் பட்டியலில் எப்படி வரும்? தினமும் ரெண்டு தரம் அதில் விரல் வைக்கிற நான், அது சர்வரோடு பேசுகிற மெஷின் என்று நினைத்ததே இல்லை. அது கேட்டுக்குச் சொந்தம் என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் பொட்டைத் துடைத்துவிட்டு விரல் வைத்தோம். பச்சை விளக்கு எரிந்தது. தேங்க் யூ சொன்னது. அந்த மாதம் முடியும்வரை தினமும் எங்கள் அத்தனை பேருக்கும் தேங்க் யூ சொல்லிக்கொண்டே இருந்தது.

மாதக் கடைசியில் கேண்டீன் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். காண்ட்ராக்டில் மூன்று வருஷம் முடித்தவர்களைக் கம்பெனி ரோலில் எடுக்கப் போகிறார்கள் என்று ஆறு மாதமாகப் பேச்சு. எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். பட்டியலில் இருந்த முப்பத்து நாலு பேருக்கும் நேராகக் கோடு போட்டு, ‘தகவல் இன்றித் தொடர் விடுப்பு’ என்று எழுதியிருந்தது. என் பேரும் அதில் இருந்தது. சம்பளத்துக்கு லைன் சூப்பர்வைசர் கையால் எழுதுகிற சீட்டு போதும், அதனால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. ரோலில் எடுக்க மட்டும் மெஷின் வருகைதான் கணக்கு.

எச்.ஆர். சாரிடம் ஓடினேன். “சிஸ்டத்துல இல்லேன்னா நீங்க வரலம்மா” என்றார், கோபமே இல்லாமல்.

அக்காவிடம் போய் அழுதேன். அவர் தன் கம்ப்யூட்டரில் எதையோ திறந்து பார்த்துவிட்டு என்னை நேராக எச்.ஆர். சார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“சார், இந்தப் பொண்ணு பேர்ல டெய்லி முந்நூறு லேபிள் அடிச்சிகீது. இவ வரலேன்னா அத்த யாரு சார் அடிச்சது, பேயா?”

“லேபிள் அட்டெண்டன்ஸ் ஆகாது மேடம்.”

“பஞ்ச் எல்லாம் அந்த மெஷினுக்குள்ளயே பத்தரமா கீது சார். கதவு மூடிக்கினதால வர முடியாம நிக்குது. தொறந்தா தானா வந்துரும். தொறக்கச் சொல்லி யாருனா ஒருத்தர் கையெழுத்து போடணும், அவ்ளோதான்.”

எச்.ஆர். சார் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் ஆடிட். கார் கம்பெனியிலிருந்து வந்தவர் மீட்டிங் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆடிட் நேரத்தில் ஒரு கதவைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கதவு போட்டவர் பேரில் நிற்கும். “அது காண்ட்ராக்டர் மெஷின். அவரைக் கேளுங்க. இல்லே, திங்கக்கிழமை பாக்கலாம்” என்றார்.

“லிஸ்ட் இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஹெட் ஆபீஸ் போவுதே சார்?”

“அடுத்த வருஷம் ஒரு லிஸ்ட் வரும்ல?”

காண்ட்ராக்டருக்கு போன் போட்டார் அக்கா. மெஷினை மாட்டியதுதான் நான், வைத்திருப்பது கம்பெனி என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். மூன்றாவதாகக் கேட்க ஆளே இல்லை. என் பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். “நீ ரோல்ல இல்லியேம்மா” என்றார் அக்கா.

சர்வர் ரூமுக்குப் போனோம். அவர் அந்தக் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார், மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். எதையும் ஒரே பார்வையில் மூடுகிறவர் இப்படிக் குழம்பி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு என் பட்டியல் கவலைகூட மறந்துபோய், இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் வந்தது.

“எல்லார்கிட்டயும் கேட்டேனேம்மா. உன்னாண்டகூட கேட்டேன். ஒண்ண உட்டுட்டேன்னா இன்னும் எத்தினி உட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அன்றைக்கு இல்லை என்று சொன்னவள் நான்.

அந்தக் கருவியில் கடைசியாகச் செய்த எல்லாவற்றையும் பழையபடி ஆக்குகிற ஒரு வழியும் உண்டு. அக்கா அதைத்தான் அமுக்கினார். பின்கேட் கதவை மட்டும் இல்லை, மூடின அத்தனையையும் திறந்துவிட்டார். சர்வர் ஒரு தரம் அணைந்து எழுந்தது. பத்து நிமிஷம் கம்பெனியில் எங்கும் லேபிள் வரவில்லை. பிறகு திரையில் வரிசையாகப் பேர்கள் இறங்க ஆரம்பித்தன. எங்கள் முப்பத்து நாலு பேரும், ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாளும், வந்த நேரம், போன நேரம். என் பேர் வந்தபோது அக்கா திரையில் விரல் வைத்துக் காட்டினார். அதை அச்செடுத்துக்கொண்டு எச்.ஆர். ரூமுக்கு ஓடினேன். நாலரை மணிக்குள் கோடுகளை எடுத்துவிட்டார்கள்.

அதே நேரத்தில் ஆடிட்டர் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் திறந்து கிடந்தது. யார் திறந்தது என்று கேட்டாராம். “நான்தான்” என்றாராம் அக்கா. சர்வர் பாதுகாப்பில் கம்பெனி ஃபெயில். ரெண்டு மாதத்தில் மறு ஆடிட் என்று எழுதிவிட்டுப் போனார். எச்.ஆர். சார் அன்றைக்குக் கத்திய கத்து டெஸ்பாட்ச் வரை கேட்டது. ஒரு மாதம் கழித்து, எங்களுக்கெல்லாம் முன்கேட் அட்டை கொடுத்த அதே வாரம், அக்காவை ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிற இன்னொரு யூனிட்டுக்கு ஸ்டோர்ஸ் எண்ட்ரி போட அனுப்பிவிட்டார்கள்.

இதில் எனக்கு இன்றுவரை புரியாதது ஒன்று உண்டு. ஒரே ஒரு கதவைத் திறந்தால் போதுமே. கையெழுத்து இல்லாமல் திறந்ததற்கு ஒரு திட்டு, அவ்வளவோடு போயிருக்கும். ஆடிட்டும் பாஸாகியிருக்கும், அக்காவும் இங்கேயே இருந்திருப்பார். ஆளில்லாத ஜன்னலைப் பொறுக்காதவர் எதற்காக எல்லாவற்றையும் திறந்துபோட்டார்? தன் நோட்டின் மேல் வந்த கோபமா, எச்.ஆர். சார் மேல் வந்த கோபமா, என் மேல் வந்த கோபமா? ஒருநாள் தாங்காமல் போனில் கேட்டேவிட்டேன்.

“அந்த ஒண்ண மட்டும் தொறந்திருக்கலாம்லாக்கா?”

“தொறந்திருக்கலாம்” என்றார். பிறகு, “லேபிள் வருதா?” என்று கேட்டார். வருது என்றேன். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த நம்பர் மாறிவிட்டது.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம். போன வாரம் புது சிஸ்டம் சார் அந்த நீள நோட்டோடு என்னிடம் வந்தார். சர்வர் மாற்றுகிறார்களாம், புதிதாக எல்லாவற்றையும் மூட வேண்டுமாம். ஒரு பக்கத்தைக் காட்டி, “இந்தப் பேர் நீங்கதானே?” என்றார்.

பின்கேட் மெஷினின் கதவு நம்பர். அதற்கு நேராக அக்கா முப்பத்து நாலு பேரையும் எழுதியிருந்தார். இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் போய்க்கொண்டே இருந்தது. முதல் பேர் என்னுடையது. ஆனால் அதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு, பக்கத்தில் ‘முன்கேட்’ என்று எழுதியிருந்தது. ரோலில் எடுக்கப்பட்ட எல்லாருக்கும் அதே கோடு. ஸ்ரீபெரும்புதூருக்குப் போவதற்கு முன்னால் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். ரோலில் வராத மீதி அஞ்சாறு பேர் வேலையை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது.

மனசு வலித்தது. எனக்காகத் திறந்த கதவில் என் பேரையே அடித்திருக்கிறாரே என்று. அவர் சட்டப்படி அது சரிதான். நான் பின்கேட் பக்கம் போயே நாலு வருஷம் ஆகிறது.

“அப்ப இது இப்ப யாருக்குன்னே தெரியல” என்றார் அவர். “எச்.ஆர்.ல காண்ட்ராக்டரைக் கேக்கச் சொல்றாங்க. ஆள் இல்லேன்னா மூடிடவா?”

எனக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல முடியவில்லை. “மூடாதீங்க சார். நோட்ட குடுங்க, நாளைக்குக் காலைல சொல்லுதேன்” என்றேன்.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் பின்கேட்டில் போய் நின்றேன். முதல் ஷிப்ட் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரைக்கூட எனக்குத் தெரியவில்லை. மெஷின் ஒவ்வொருவருக்கும் தேங்க் யூ சொல்லிக்கொண்டிருந்தது. விரலை எடுத்த முதல் பெண்ணிடம், “பேரு என்னம்மா?” என்று கேட்டேன். அவள் என் கம்பெனி சட்டையைப் பார்த்தாள், கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

“ஏங்க்கா, நான் ஒண்ணும் பண்ணலியே?”

“ஒண்ணுமில்ல. சும்மா சொல்லு.”

ஒரு பேர் சொன்னாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் வேறொரு பேர் இருந்தது. அட்டையில் இருந்ததை எழுதிக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன்.